கேட் தேர்வுக்குத் தயாராவது: ஜூனியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பி.இ., பி.டெக். முடித்து எம்.டெக். அல்லது பிஎச்.டி. சேர நினைப்பவர்களுக்கான அகில இந்தியத் தேர்வு கேட். ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் பிறந்தால் ஜூனியர்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். தேதி, கட்டணம், சிலபஸ் மாற்றம் ஆகியவற்றை மட்டும் அந்தந்த ஆண்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேர்வை யார் நடத்துகிறார்கள்? எப்போது வரும்?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும், பம்பாய், டெல்லி, குவாஹாட்டி, கான்பூர், காரக்பூர், மெட்ராஸ், ரூர்க்கி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.க்களும் முறை வைத்து நடத்துகின்றன. 2019இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ், 2024இல் இந்திய அறிவியல் கழகம், 2025இல் ஐ.ஐ.டி. ரூர்க்கி. நடத்தும் நிறுவனம் மாறும்போது இணைய முகவரியும் மாறிவிடும், பழைய முகவரியில் போய்த் தேடாதீர்கள். விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும். தேர்வு பிப்ரவரியில், ரிசல்ட் மார்ச்சில்.

மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாமா? எனக்கு அரியர் வேறு இருக்கிறது.

எழுதலாம். 2021 தேர்விலிருந்து மூன்றாம் ஆண்டு மாணவர்களையும் அனுமதிக்கிறார்கள். வயது வரம்பு, இத்தனை முறைதான் என்ற கணக்கு, குறைந்தபட்ச சதவீதம் எதுவும் கிடையாது. ஸ்கோர் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால் மூன்றாம் ஆண்டில் நல்ல ஸ்கோர் வாங்கினால் அது வீணாகாது.

அரியர் இருந்தாலும் விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் எம்.டெக். சேரும்போது டிகிரி கையில் இருக்க வேண்டும், பல நிறுவனங்கள் குறைந்தபட்ச சி.ஜி.பி.ஏ.வும் கேட்கும். கேட் ஸ்கோர் இருந்தும் டிகிரி முடியாமல் சீட்டை விடுவது மாதிரி எரிச்சல் வேறு இல்லை. அரியர் பாடம் கேட் சிலபஸிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் அந்தப் பாடத்திலிருந்தே ஆரம்பித்துவிடலாம்.

வினாத்தாள் எப்படி இருக்கும்?

மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மார்க். பொது ஆப்டிட்யூட்டில் 10 கேள்விகளுக்கு 15 மார்க். மீதி 55 கேள்விகள் நீங்கள் தேர்ந்தெடுக்கும் துறைத் தாளுக்கானவை, 85 மார்க். பெரும்பாலான பொறியியல் தாள்களில் இந்த 85க்குள் ஏறத்தாழ 13 மார்க் பொறியியல் கணிதத்துக்குப் போய்விடும்.

கேள்விகள் மூன்று வகை. நான்கு ஆப்ஷனில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது முதல் வகை. ஒன்றோ அதற்கு மேலோ சரியான விடை இருக்கக்கூடிய பல தெரிவுக் கேள்வி இரண்டாவது, இது 2021இல் வந்தது. ஆப்ஷனே இல்லாமல் எண்ணை நாமே உள்ளிடும் கேள்வி மூன்றாவது. கல்லூரிப் பரீட்சைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்த மூன்றாவது வகையில்தான் தெரியும். ஸ்டெப் மார்க் கிடையாது. முழுக்கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசியில் மில்லிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்தால் பூஜ்யம்தான்.

நெகட்டிவ் மார்க் பயமாக இருக்கிறது. தெரியாததை விட்டுவிடுவதா, குத்துமதிப்பாகப் போடுவதா?

நெகட்டிவ் மார்க் முதல் வகைக்கு மட்டும்தான். ஒரு மார்க் கேள்வி தப்பானால் ஒரு மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு போகும், இரண்டு மார்க் கேள்வி தப்பானால் ஒரு மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு. மற்ற இரண்டு வகைக்கும் நெகட்டிவ் கிடையாது.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு மார்க் கேள்வியில் நான்கு ஆப்ஷனில் எதுவுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், சராசரியாகப் பார்க்கும்போது லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு ஆப்ஷன் நிச்சயம் தப்பு என்று தெரிந்து மீதி மூன்றில் ஒன்றைப் போட்டால் சராசரி ஒன்பதில் ஒரு பங்கு மார்க் நம் பக்கம். இரண்டை நீக்க முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு மார்க் நம் பக்கம். ஆகவே ஒரு ஆப்ஷனையாவது காரணத்தோடு நீக்க முடிந்தால் போடுங்கள். ஒன்றையும் நீக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்குச் செலவாகும் அரை நிமிடத்தை வேறு கேள்விக்குக் கொடுக்கலாம்.

பல தெரிவுக் கேள்வியில் பாதி சரி என்று பாதி மார்க் தர மாட்டார்கள். நான்கு ஆப்ஷனுக்கு 15 விதமான விடைகள் சாத்தியம் என்பதால் குருட்டுத்தனமாகப் போட்டால் கிடைப்பது அபூர்வம். ஆனாலும் காலியாக விடுவதில் அர்த்தமே இல்லை, இழக்க ஒன்றும் கிடையாது. எண் உள்ளிடும் கேள்விக்கும் இதே கதைதான்.

எவ்வளவு மாதம் வேண்டும்?

"ஆறு மாதம்" என்று எல்லோரும் சொல்லும் பதில், நான்கு ஆண்டுகள் ஓரளவு ஒழுங்காகப் படித்தவருக்குப் பொருந்தும். நீங்களே கணக்குப் போடலாம். உங்கள் தாளின் சிலபஸை அச்செடுத்துப் பாடங்களை எண்ணுங்கள். மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் எதுவானாலும் கணிதத்தோடு சேர்த்துப் பத்தை ஒட்டி வரும். கல்லூரிக்குப் போய்க்கொண்டே ஒரு பாடத்துக்கு இரண்டு வாரம் என்றால் ஐந்து மாதம். ரிவிஷனுக்கும் மாக் டெஸ்டுக்கும் (மாதிரித் தேர்வு) ஒன்றரை மாதம். பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜூலையில் வந்து நிற்பீர்கள். அடிப்படையே ஆட்டம் காண்கிறது என்றால் மூன்றாம் ஆண்டின் கடைசி செமஸ்டரிலேயே கணிதத்தைத் தொடங்கிவிடுங்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

கணிதம். ஆப்டிட்யூட் 15, கணிதம் 13, ஆக 28 மார்க். பொதுப் பிரிவில் தகுதி பெறுவதற்கான மதிப்பெண் 25க்குக் கீழே போகாது, தாளின் சராசரியைப் பொறுத்து அதற்கு மேலே போகலாம். அதாவது உங்கள் துறைப் பாடத்தைத் தொடுவதற்கு முன்பே தகுதிக் கோட்டுக்குப் பக்கத்தில் போய்விடுகிறீர்கள். தகுதி பெற்றதால் மட்டும் நல்ல சீட் கிடைத்துவிடாது. ஆனால் நம் கல்லூரிகளில் படித்த பலர் கணிதத்தை "முதல் வருடத்தோடு முடிந்தது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கணிதத்திலும் எல்லாம் ஒரே எடை இல்லை. லீனியர் அல்ஜீப்ராவில் ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை மேட்ரிக்ஸின் மூலைவிட்டக் கூட்டுக்குச் சமம், பெருக்கற்பலன் டிட்டர்மினன்டுக்குச் சமம். இந்த இரண்டு மட்டும் தெரிந்தால், முழுச் சமன்பாட்டையும் விரிக்காமல் ஆப்ஷனைச் சரிபார்த்து நிமிடத்துக்குள் முடித்துவிடக்கூடிய கேள்விகள் அடிக்கடி வரும். நிகழ்தகவும் அப்படித்தான்.

பழைய வினாத்தாள் போட்டால் போதுமா? அதே கேள்வி திரும்ப வருமா?

அதே கேள்வி வராது. அதே யோசனை வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். என்னைக் கேட்டால் கேட் தயாரிப்பு என்பதே பழைய கேள்விகளை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் அதற்குத் துணை.

மெக்கானிக்கலில் ஒரு உதாரணம். வெப்பம் புகாத காலித் தொட்டி. பக்கத்தில் ஒரு குழாயில் 300 கெல்வினில் காற்று ஓடுகிறது. வால்வைத் திறந்து தொட்டி நிரம்பியதும் மூடினால் உள்ளே வெப்பநிலை எவ்வளவு? 420 கெல்வின். குழாய் வெப்பநிலையை 1.4ஆல் பெருக்கினால் போதும் என்று கோச்சிங் நோட்ஸில் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள், எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு தொட்டியில் ஏற்கெனவே கொஞ்சம் காற்று இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தையை மாற்றிக் கேட்டால் அந்தக் கட்டம் உதவாது. உள்ளே வரும் காற்று எந்தால்பியைக் கொண்டுவருகிறது, தொட்டிக்குள் அது உள்ளாற்றலாகத் தங்குகிறது என்று ஆற்றல் சமன்பாட்டைத் தானே எழுதிப் பழகியவர் இரண்டு கேள்வியையும் போட்டுவிடுவார்.

எனவே முதலில் பாடவாரியாகப் பிரித்துப் போடுங்கள். ஒரு அத்தியாயம் முடிந்த அன்றைக்கே அந்த அத்தியாயத்தின் பழைய கேள்விகள் எல்லாவற்றையும் போட வேண்டும். விடை சரியாக வந்தாலும் "இதில் எதை மாற்றிக் கேட்கலாம்?" என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கடைசி மூன்று ஆண்டுத் தாள்களை மட்டும் தொடாமல் வைத்திருந்து, டிசம்பரில் முழுத் தாளாக மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். பழைய தாள்களும் விடைக் குறிப்புகளும் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. சந்தையில் விற்கும் தொகுப்புகளில் விடைப் பிழைகள் உண்டு, சந்தேகம் வந்தால் அதிகாரப்பூர்வ விடையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கோச்சிங் சேரலாமா?

காசும் நேரமும் இருந்து, தானாக உட்கார்ந்து படிக்க முடியாதவராக இருந்தால் சேருங்கள். கோச்சிங் தருவது பெரும்பாலும் ஒரு டைம்டேபிள்தான். பாடம் வேண்டுமென்றால் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். வீடியோக்கள் இலவசமாக இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: அவை முழு செமஸ்டர் வகுப்புகள். முதலிலிருந்து கடைசிவரை பார்க்கத் தொடங்கினால் பிப்ரவரி வந்துவிடும். புரியாத தலைப்புக்கு மட்டும் தேடிப் பாருங்கள்.

கோச்சிங்கை விட டெஸ்ட் சீரிஸுக்குச் செலவழிப்பது மேல் என்பது என் கருத்து. அதிலும் ஒன்று போதும், மூன்று வாங்கிவிட்டு எதையும் முடிக்காதவர்களே அதிகம்.

பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலத்தில்தானே தேர்வு?

ஆங்கிலத்தில் மட்டும்தான். ஆனால் துறைப் பாடக் கேள்விகளின் ஆங்கிலம் எளிமையானது, நான்கு ஆண்டுகளாக நீங்கள் படித்த அதே சொற்கள்தான். தடுக்கக்கூடிய இடம் ஆப்டிட்யூட்டில் வரும் மொழிக் கேள்விகளும், ஒரு பத்தியைக் கொடுத்து "இதிலிருந்து எதை முடிவாகக் கொள்ளலாம்" என்று கேட்கும் கேள்விகளும். இரண்டாவது வகைக்கு ஆங்கிலப் புலமையை விட நிதானம்தான் தேவை. பத்தியில் இல்லாத ஒன்றை நாமாகச் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான். மீதி ஆப்டிட்யூட் விகிதம், சதவீதம், வேகம், வரைபடம், காகித மடிப்பு. எட்டாம் வகுப்புக் கணக்கு என்று அலட்சியமாகப் போய் மார்க்கைக் கோட்டை விட்டு வருபவர்களில் ஆங்கில வழியில் படித்தவர்களும் நிறைய.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முடியுமா?

முடியும். ஆனால் முழு சிலபஸையும் முடிக்கும் ஆசையை விட வேண்டும். இரண்டு கனமான பாடங்களை ஒதுக்கிவிட்டு மீதியை உறுதியாகப் படியுங்கள். வார நாளில் காலையில் ஒன்றரை மணி நேரம், சனி ஞாயிறில் நீண்ட அமர்வு. ஆபீஸ் முடிந்து ராத்திரி பத்து மணிக்குப் படிப்பது பிளானில் மட்டும் அழகாக இருக்கும்.

மாக் டெஸ்டில் மார்க் ஏறவே இல்லை, என்ன செய்வது?

டெஸ்ட் எழுதிய நேரத்துக்குச் சமமான நேரத்தை அதைப் பிரித்துப் பார்ப்பதற்குக் கொடுக்கிறீர்களா? பெரும்பாலும் இல்லை என்பதுதான் காரணம். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். கருத்தே தெரியாது, தெரியும் ஆனால் நினைவு வரவில்லை, யூனிட் தப்பு, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, நேரம் இல்லை. நான்கைந்து டெஸ்ட் முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் உங்கள் நோய் என்னவென்று தெரிந்துவிடும். "தவறானது எது?" என்ற கேள்வியைச் "சரியானது எது?" என்று படிப்பவருக்கு இன்னொரு புத்தகம் வாங்கிக் கொடுத்து என்ன பயன்?

இன்னொன்று, கம்ப்யூட்டரிலேயே எழுதிப் பழகுங்கள். தேர்வில் நம் சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. திரையில் இருக்கும் கால்குலேட்டரை மவுஸால் தட்ட வேண்டும், அது கை கேசியோவை விட மெதுவானது, பட்டன் வரிசையும் வேறு. டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று பார்க்காமல் சைன் போட்டுவிட்டு வருந்தக் கூடாது. வீட்டில் பயிற்சி செய்யும்போதே அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க் வேறு, ஸ்கோர் வேறு என்கிறார்களே?

மார்க் 100க்கு, ஸ்கோர் 1000க்கு. ஒரு தாளில் தகுதி மதிப்பெண்ணுக்கு 350 ஸ்கோர், முன்னணி 0.1 சதவீதம் பேரின் சராசரி மார்க்குக்கு 900 ஸ்கோர் என்று நிறுத்திவிட்டு, மற்றவர்களை அந்த நேர்கோட்டில் வைக்கிறார்கள். அந்த 0.1 சதவீதம் பத்துப் பேருக்கும் குறைவாக வந்தால் முதல் பத்துப் பேரின் சராசரி. உதாரணமாகத் தகுதி 30, முன்னணிச் சராசரி 80 என்று வைத்துக்கொண்டால், 55 வாங்கியவர் சரியாக நடுவில் இருக்கிறார், அவர் ஸ்கோர் 625. கடினமான தாளில் இந்த இரண்டு எண்களும் இறங்கும், அதனால் அதே 55க்கு ஸ்கோர் கூடும். எனவே தேர்வு முடிந்து வெளியே வந்ததும் போன ஆண்டு கட்-ஆஃப் மார்க்கோடு ஒப்பிட்டு அழுவதில் பொருளில்லை.

ரிசல்ட் வந்துவிட்டது. அடுத்து?

படிப்பில் கெட்டிக்காரர்கள்கூடச் சறுக்குவது இங்கேதான். கேட் என்பது ஒரு ஸ்கோர் மட்டும், அட்மிஷன் தனி வேலை. ஐ.ஐ.டி.க்களுக்கு ஒவ்வொன்றுக்கும் அதனதன் தளத்தில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகு எல்லா ஐ.ஐ.டி. ஆஃபர்களும் சி.ஓ.ஏ.பி. என்ற பொதுத் தளத்தில் சுற்றுச் சுற்றாக வரும். அந்தத் தளத்தில் பதிவு செய்வது விண்ணப்பித்ததாக ஆகாது. பதிவு மட்டும் செய்துவிட்டு ஆஃபருக்காகக் காத்திருக்கும் ஆட்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆஃபர் வந்தால் ஏற்று உறுதி செய்யலாம், கையில் வைத்துக்கொண்டு மேலே ஏதாவது வருமா என்று காத்திருக்கலாம், நிராகரித்துவிட்டுக் காத்திருக்கலாம். நிராகரித்தது திரும்ப வராது. என்.ஐ.டி.க்களுக்குத் தனியாக சி.சி.எம்.டி. கவுன்சலிங்.

ஐ.ஐ.டி.க்களிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் ஆராய்ச்சி வழி முதுகலைப் படிப்புகளும் உண்டு. அவற்றுக்கு ஸ்கோரை வைத்து அழைத்து இன்டர்வியூ நடத்துவார்கள். அதற்கு மூன்று பாடங்களை ஆழமாகச் சொல்லத் தெரிந்தால் போதும், பத்துப் பாடத்தை மேலோட்டமாகச் சொல்லத் தேவையில்லை.

ஐ.ஐ.டி. கிடைக்காவிட்டால் இந்த உழைப்பெல்லாம் வீணா? உதவித்தொகை உண்டா?

வீணாகாது. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் உள்ளிட்ட கல்லூரிகளின் எம்.இ., எம்.டெக். கவுன்சலிங்கில் கேட் ஸ்கோர் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. ஸ்கோர் இல்லாதவர்களுக்கு சீட்டா பி.ஜி. தேர்வு இருக்கிறது, 2023லிருந்து எம்.இ., எம்.டெக்.குக்கு அதுதான், பழைய டான்செட் தேர்வு இப்போது எம்.பி.ஏ.வுக்கும் எம்.சி.ஏ.வுக்கும் மட்டும். கேட் தகுதியோடு முழுநேர எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஐ.ஐ.டி.யில் அதற்குப் பதிலாக லேப், டியூட்டோரியல் என்று வாரத்தில் சில மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளிலும் இந்தத் தொகை கிடைக்கும். ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டில் கை நீட்டாமல் இரண்டு வருடம் ஓட்டிவிடலாம்.

மெக்கானிக்கல் படித்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் தாள் எழுதலாமா?

விதிப்படி எழுதலாம், தாளைத் தேர்ந்தெடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் எந்தத் துறை டிகிரிக்கு எந்தப் படிப்பு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது. சேர நினைக்கும் படிப்பின் தகுதிப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தாளைத் தேர்ந்தெடுங்கள். 2024இல் டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவுக்கென்று தனித் தாள் வந்திருக்கிறது. நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும் பிடித்த பிற துறையினருக்கு அது நல்ல வாசல். அனுமதிக்கப்பட்ட இணைகளில் இரண்டு தாள்கள் எழுதவும் முடியும்.

ஒரு வருடம் வீட்டிலிருந்து படிக்கலாமா? வீட்டில் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள்.

முதல் முறை எந்தப் பயிற்சியும் இல்லாமல் எழுதியவர் இந்த முடிவை எடுக்க வேண்டாம். ஒழுங்காகப் படித்து, வேண்டிய ஸ்கோருக்குக் கொஞ்சம் கீழே நின்றவருக்கு ஒரு வருடம் பயன்படும். இரண்டாவது வருடத்தை நான் பரிந்துரைப்பதில்லை. கேட் ஸ்கோரை வைத்து ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்களில் வேலைக்காக என்றால் இன்னும் கவனம் தேவை. அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த ஆண்டு ஸ்கோரைத்தான் கேட்கும், மூன்று ஆண்டு செல்லுபடி அங்கே உதவாது, காலியிடங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

சாதிச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கிறது. அது போதுமா?

எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குப் பெரிய சிக்கல் வராது. பி.சி., எம்.பி.சி. பிரிவினர்தான் கவனிக்க வேண்டும். பள்ளிக்கும் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்குக்கும் கொடுத்த மாநிலச் சான்றிதழை ஐ.ஐ.டி.யும் என்.ஐ.டி.யும் ஏற்காது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவு) வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாலுகா அலுவலகம் வழியாக வரும். அட்மிஷன் நேரத்தில் நடப்பு நிதியாண்டில் வாங்கிய சான்றிதழைக் கேட்பது வழக்கம் என்பதால் ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் ஆஃபர் வந்த பிறகு ஓடினால், வி.ஏ.ஓ. லீவில் இருப்பார்.